பக்கம் 113

பாம்பன் கிளை நூலகத்தில்
இரும்பு அலமாரிகள் ஐந்தும் உப்புத் தின்றவை.
மூன்றாவதைத் திறக்க
முட்டியால் ஓர் இடி இடிக்க வேண்டும்.
மாற்றலாகி வந்த முதல் மாதமே
என் சேலையில் துருவின் வட்டம்.

இருப்புச் சரிபார்ப்பில்தான் அது கையில் வந்தது.
பதிவெண் 4417, கடற்பாசிகள் பற்றியது,
யாரும் எடுத்துப் போகாத புத்தகத்தின் விறைப்போடு.
112க்குப் பிறகு 115.
நடுவே பிளேடு போன சுத்தமான தடம்.
விதிப்படி எழுதினேன்: "ஒரு தாள் இல்லை."
எழுதி முடித்தும்
விரல் அந்தத் தடத்தை விட்டு வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில்
ஓர் அடிக்குறிப்பைப் பிடித்து உள்ளே போனேன்.
அது இன்னொன்றில் கொண்டுபோய் விட்டது.
சோற்றுப் பாத்திரத்தை ஈ மொய்த்தது.
மண்டபத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை.
நானே வரைந்து ஒட்டிவிட்டால் என்ன
என்று தோன்றியது ஒரு விடுமுறை வெள்ளியில்,
நாற்பத்தாறு வயதில்.
எட்டாம் வகுப்பில் செம்பருத்தியை வெட்டி வரைந்தபின்
நான் பென்சில் சீவியதெல்லாம்
அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு.

முதல் மரிக்கொழுந்துப் பாசி
பாட்டில் கழுவும் பிரஷ்ஷாக வந்தது.
ஐந்தாவது, தேள்.
பத்தொன்பதாவதைக் கொஞ்ச நேரம்
வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதை எடுத்துக்கொண்டு சின்னப்பாலம் போனேன்.

சேதுராக்கு கரையில் உட்கார்ந்து
விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.
இருபத்தாறு இருக்கும். ஆண் சட்டை,
நெற்றியில் ஏற்றிவிட்ட நீர்க்கண்ணாடி.
படத்தைத் தலைகீழாகத் திருப்பினாள்,
மறுபடி திருப்பினாள்.
"காயப்போட்டதப் பாத்து வரஞ்சீகளோ?"
ஆமாம்.
"அதான், படுத்துக் கெடக்கு."

அவள் கண்ணாடி எனக்குத் தளர்வு.
இடுப்பளவு நீரில் முகம் கவிழ்த்தேன்.
கோடு என்று நான் போட்டது எதுவும்
அங்கே கோடாக இல்லை.
எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து,
ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிமிர்ந்து,
திரும்பவும் சாய்ந்து.
நீவாடு போகும் திசையைப்
பாசி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது.
ஒரு வாய் உப்புக் குடித்துத்தான்
மூச்சு என்று ஒன்று உண்டென்பது தெரிந்தது.

அப்புறம் எஸ்தர் ஜெபக்கனி டீச்சரிடம்
பள்ளி நுண்ணோக்கியை இரவல் கேட்டேன்.
சனிக்கிழமைகள் அதன் வட்டத்துக்குள் போயின.
எல்லாரும் கஞ்சிப்பாசி என்று அள்ளுவதில்
இரண்டு இருந்தன.
பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தால்
ஒன்றின் அறைகள் பெரிது, மற்றதில் நெருக்கம்.
(பிளேடை நான் மன்னித்தது அன்றைக்கு.)
ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் சிரித்தாள்.
"ரெண்டா? அப்ப யாவாரிகிட்ட
ரெண்டு வெல கேக்கலாமா?"

அடுத்த வாரம் இரண்டு பைகள் கொண்டுவந்தாள்.
"இது வழவழ, இது நறநற.
கைக்குத் தெரியும். தனித்தனியா
வைக்கணும்னு தோணல."
பிறகு, போகிற போக்கில்:
"மூணாவது ஒண்ணும் இருக்கு.
கச்சான் நின்னாத்தான் எடுக்க முடியும்."
அதற்காக நான் நான்கு மாதம் காத்திருந்தேன்.
நான்கு மாதம் வேறெதற்கும்
அப்படிக் காத்திருந்ததில்லை.
அவள் சொன்னது தப்பு. மூன்றாவது, முதலாவதேதான்,
வயதானது. அதையும் சேர்ந்தே கண்டுபிடித்தோம்.

மார்கழியில் மண்டபத்திலிருந்து நகல் வந்தது.
பக்கம் 113. எவ்வளவு நுட்பமான கை!
எந்தக் கடலிலிருந்தோ எடுத்து
உலர்த்தி, படுக்கவைத்து வரைந்தது.
அளவாகப் பசை தடவி
அதன் இடத்தில் ஒட்டினேன். அது அதன் இடம்.

என் நோட்டைத் தனியாகப் பதிவு செய்தேன்.
அறுபத்தொரு படங்கள்.
ஆசிரியர் கட்டத்தில் என் பெயருக்குக் கீழே
சேதுராக்கு தானே எழுதினாள்,
கட்டத்தைத் தாண்டி, தலைப்பெழுத்தோடு.
விலை: கோடு போட்டுவிட்டேன்.
நிலை என்ற கட்டத்தில்
"நன்று" என்று எழுதப் போய்
தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுதினேன்:
ஈரம்.